தேயாமலே தேயும் காமிரா!

டோக்கியோ மாநகரில் நகானோ, ஷின்ஜுகு என்று இரண்டு வட்டாரங்கள் உண்டு. பழைய காமிரா வாங்கவும் விற்கவும் ஜப்பானியர் தேடிப் போகும் இடங்கள் இவை. அங்குள்ள கடைகளில், கண்ணாடி அலமாரிகளுக்குள் நூற்றுக்கணக்கான காமிராக்கள் வரிசையாக வீற்றிருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சீட்டு. அதில் விலை மட்டுமல்ல, குறையும் எழுதியிருக்கும். "மூலையில் பெயிண்ட் உதிர்ந்துள்ளது", "உள்ளே சிறு தூசி", "பெட்டி இல்லை" என்று எல்லாம் பகிரங்கம்!

இந்தக் கடைகளில் தினமும் நடக்கும் காட்சி ஒன்று உண்டு. ஒருவர் பையிலிருந்து காமிராவை எடுத்து மேஜைமேல் வைக்கிறார். கண்ணைப்போல் காத்த காமிரா. ஒரு கீறல் இல்லை. வாங்கி நாலைந்து வருஷந்தான் ஆகிறது. கடைச் சிப்பந்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு தொகையைச் சொல்கிறார். வந்தவர் முகம் வாடிவிடுகிறது. வாங்கிய விலையில் பாதிகூட இல்லை!

"நன்றாகத்தானே வேலை செய்கிறது?" என்று கேட்கிறார் அவர்.

வேலை செய்கிறது, சந்தேகமில்லை. ஆனாலும் விலை போய்விட்டது.

செருப்பு தேய்ந்தால் விலை போகும். மோட்டார் வண்டி ஓடினால் விலை போகும். தேயாமலும் ஓடாமலும் அலமாரியில் இருந்த காமிராவுக்கு விலை போவானேன்? கையிலுள்ள காசைப் போட்டுக் காமிரா வாங்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி இது. படம் எடுத்தே பிழைக்கிறவருக்கோ, இது வாழ்க்கைப் பிரச்சினை.

பழைய காமிரா, புதிய பிலிம்

பிலிம் போட்டுப் படம் எடுத்த காலத்தில் காமிரா என்பது ஓர் இருட்டுப் பெட்டி. முன்னால் லென்ஸ், நடுவில் திறந்து மூடும் ஷட்டர், பின்னால் பிலிம். படத்தைப் பதிவு செய்தது பிலிம்தான். அது பெட்டியோடு ஒட்டிய பொருள் அல்ல. கடையில் தனியாக வாங்கிப் போடும் பொருள்.

1954-ம் ஆண்டில் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரிலிருந்து 'லைக்கா எம்3' என்ற காமிரா வெளிவந்தது. நல்ல நிலையில் உள்ள ஒன்றை எடுத்து, இன்று விற்கும் பிலிமைப் போட்டால், இன்றைய பிலிமின் தரத்தில் படம் கிடைக்கும். பிலிம் கம்பெனிகள் ஆராய்ச்சி செய்து புதிய பிலிம் கொண்டுவந்த போதெல்லாம், பழைய காமிராவும் ஓசையில்லாமல் புதிதாகிக்கொண்டே இருந்தது. தகப்பனார் வாங்கிய காமிராவை மகனும் வைத்துக்கொண்டான் என்றால் அதற்குக் காரணம் இதுவே.

டிஜிட்டல் காமிராவில் அந்த ஏற்பாடு மாறிவிட்டது. பிலிம் இருந்த இடத்தில் 'சென்சார்' என்னும் சின்னத் தகடு உட்கார்ந்துகொண்டது. ஒளியை மின்சாரமாக மாற்றுவது இந்தத் தகடு. அதைப் படமாக அமைப்பது உள்ளே இருக்கும் ஒரு சிறு கம்ப்யூட்டர். இரண்டையும் காமிராவோடு சேர்த்தே கட்டிவிட்டார்கள். கண்ணை வைத்துக்கொண்டு விழித்திரையை மட்டும் மாற்ற முடியாது. புதிய தகடு வேண்டுமா? புதிய காமிராவே வாங்க வேண்டும்!

ஆகவே டிஜிட்டல் காமிராவின் விலை, கைக்கடிகாரத்தின் விலையைப்போல் நடந்துகொள்வதில்லை. கம்ப்யூட்டரின் விலையைப்போல் நடந்துகொள்கிறது. பொருள் கெட்டுப்போவதால் விலை விழவில்லை. அதைவிட நல்லது வந்துவிடுவதால் விழுகிறது.

தோளில் தொங்கிய பெட்டி

இந்தக் கதையின் ஆரம்பம் அமெரிக்காவில். 1975-ம் ஆண்டில் கோடக் கம்பெனியின் இளம் என்ஜினீயர் ஸ்டீவன் சாஸன், கையில் எடுத்துச் செல்லக்கூடிய முதல் டிஜிட்டல் காமிராவை உருவாக்கினார். எடை சுமார் 3½ கிலோ. ஒரு படத்தில் 10,000 புள்ளிகள். அந்த ஒரே படத்தை காசெட் டேப்பில் பதிவு செய்ய 23 விநாடி பிடித்தது.

1991-ல் அதே கோடக், செய்தி நிறுவனப் போட்டோக்காரர்களுக்காக ஒரு டிஜிட்டல் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிகான் கம்பெனியின் எப்3 காமிராவின் உடலில் 13 லட்சம் புள்ளிகள் கொண்ட தகட்டை வைத்தார்கள். படங்களைச் சேமிக்கத் தனியாக ஒரு பெட்டி. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும்! விலையோ சுமார் 20,000 டாலர்.

1999-ல் நிகான் தானே முழுவதும் தயாரித்த 'டி1' வந்தது. 27 லட்சம் புள்ளிகள். ஜப்பானில் விலை 6½ லட்சம் யென். கோடக் காமிராவுடன் ஒப்பிட்டால் இது கொள்ளை மலிவு. பத்திரிகைகள் வாங்கிக் குவித்தன. இரண்டே ஆண்டுகள்! 2001-ல் 53 லட்சம் புள்ளிகளுடன் 'டி1எக்ஸ்' வந்து நின்றது. முதல் காமிராவை வாங்கியவர்கள் கையில் இருந்தது நேற்றைய சரக்கு.

18 மாதத்தில் நடந்த அதிசயம்

விலை விழும் வேகத்துக்கு மற்றொரு ஜப்பானியக் கம்பெனியான கேனானின் கதை நல்ல உதாரணம்.

2002-ம் ஆண்டின் தொடக்கத்தில் கேனான் 'டி60' என்ற காமிராவை அறிவித்தது. 63 லட்சம் புள்ளிகள். அமெரிக்காவில் விலை சுமார் 2,200 டாலர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் '10டி' வந்தது. அதே 63 லட்சம் புள்ளிகள். விலை சுமார் 1,500 டாலர். அதே 2003-ன் ஆகஸ்டில் '300டி' வந்தது. மறுபடியும் அதே 63 லட்சம் புள்ளிகள். விலை 899 டாலர்! லென்ஸ் மாற்றிப் போடும் வசதியுள்ள இவ்வகை டிஜிட்டல் காமிரா ஆயிரம் டாலருக்குக் கீழே வந்தது அதுவே முதல் தடவை.

டி60 வாங்கியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். காமிராவை அவர் கீழே போடவில்லை. மழையில் நனைக்கவில்லை. சுமார் 18 மாதத்தில், அதே அளவு படம் எடுக்கும் புத்தம் புதிய காமிரா பாதி விலைக்கும் கீழே கடையில் இருக்கிறது. பழையதற்கு யார் கூடுதல் விலை கொடுப்பார்கள்?

இந்த விதி பெரிய காமிராக்களையும் விடவில்லை. 2005-ல் கேனானின் '5டி' 3,299 டாலருக்கு வந்தது. பழைய பிலிம் துண்டின் அளவுக்கே பெரிய தகடு கொண்ட அந்தக் காமிராவைக் கலியாணப் போட்டோக்காரர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். 2008-ல் அதன் தம்பி '5டி மார்க் 2' வந்தது. புள்ளிகள் 1 கோடியே 28 லட்சத்திலிருந்து 2 கோடியே 11 லட்சமாயின. சினிமாவும் எடுக்கலாம். விலையோ 2,699 டாலர்தான். அண்ணனைவிடத் தம்பி கெட்டிக்காரன், செலவும் குறைவு! இன்று பழைய 5டி, அதன் முதல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கிடைக்கிறது.

தவணை முறையில் வாங்குகிறவர்களுக்கு இங்கேதான் கண்ணி இருக்கிறது. மூன்று வருஷத் தவணையில் காமிரா வாங்குகிறார் ஒருவர். இரண்டாம் வருஷத்தில் புது மாடல் வந்துவிடுகிறது. "இதை விற்று அதை வாங்கலாம்" என்று கணக்குப் போடுகிறார். கடையில் கேட்கும் விலை, கட்ட வேண்டிய பாக்கிக்கே போதவில்லை. கடன் முடிவதற்கு முன்னால் காமிராவின் விலை முடிந்துவிட்டது!

லென்ஸ் மட்டும் ஏன் விழவில்லை?

காமிராவின் உடல் விழுந்தாலும் லென்ஸ் அவ்வளவு சீக்கிரம் விழுவதில்லை. காரணம் எளிது. லென்ஸ் கண்ணாடி. ஒளி வளையும் விதி வருஷத்துக்கு வருஷம் மாறுவதில்லை.

கேனான் கம்பெனி 1987-ல் 'இ.எப்.' என்ற லென்ஸ் வரிசையைத் தொடங்கியது. அன்று பிலிம் காமிராவுக்காக வாங்கிய லென்சை, ஓர் இணைப்பு வளையத்தின் உதவியால் இன்றைய காமிராவிலும் மாட்டலாம். அந்த லென்சின் காலத்தில் காமிரா உடல்கள் எத்தனையோ வந்து போய்விட்டன.

ஆனால் லென்சுக்கும் ஆபத்து உண்டு. 2018-ல் நிகானும் கேனானும் கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' காமிராக்களுக்கு என்று புதிய வாய் அமைப்பைக் கொண்டுவந்தன. புதிய வரிசை லென்சுகள் பெருகப் பெருக, பழைய வரிசைக்குக் கிராக்கி குறைந்தது. உடலைப்போல் தலைகீழாக விழவில்லை, படிப்படியாக இறங்கியது.

ஆகையால் விவரம் தெரிந்தவர்கள் உடலில் சிக்கனமாக இருந்து, லென்சில் பணம் போடுகிறார்கள்.

எத்தனை முறை திறந்தது கதவு?

புது மாடல் வருவது எல்லோருக்கும் பொதுவான நஷ்டம். ஒரே மாடலில் ஒரு காமிராவுக்கும் மற்றொன்றுக்கும் விலை வித்தியாசம் வருவது எதனால்?

முதலாவது, ஷட்டர் கணக்கு. மோட்டார் வண்டிக்கு மைல் கணக்குப் போல, காமிராவுக்கு ஷட்டர் எத்தனை முறை திறந்து மூடியது என்பது கணக்கு. கேனான் 5டி காமிராவின் ஷட்டர் 1 லட்சம் தடவைக்கு என்று சோதித்து வகுக்கப்பட்டது. ஒரு கலியாணத்தில் 2,000 படம் எடுப்பவருக்கு 50 கலியாணத்தில் அந்தக் கணக்குத் தீர்ந்துவிடும். வாரம் 20 படம் எடுக்கும் குடும்பஸ்தருக்கோ, அது தீர நூறு வருஷத்துக்கு அருகில் ஆகும்! வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே காமிராதான்.

நிகான் காமிராக்களில் எடுத்த படத்தின் உள்ளேயே, கண்ணுக்குத் தெரியாத குறிப்பாக, அது எத்தனையாவது படம் என்பது பதிவாகியிருக்கும். விற்கிறவர் "கொஞ்சமாகத்தான் எடுத்தேன்" என்று சொன்னாலும், அவர் எடுத்த கடைசிப் படம் உண்மையைச் சொல்லிவிடும். 2021-ல் வந்த நிகான் 'இசட்9' காமிராவிலோ திறந்து மூடும் ஷட்டரே கிடையாது. அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை.

இரண்டாவது, பூஞ்சை. ஈரக் காற்றில் மூடிவைத்த லென்சுக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சை படரும். மழைக்காலம் உள்ள ஜப்பானில், ஈரத்தை உறிஞ்சும் அலமாரிகளைப் போட்டோ பிரியர்கள் வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். பூஞ்சை பிடித்த லென்ஸ் சுத்தம் செய்தாலும் பழைய விலைக்குப் போகாது.

மூன்றாவது, உதிரிப் பாகம். உற்பத்தி நின்ற சில ஆண்டுகளில் கம்பெனிகள் ரிப்பேர் செய்வதையும் நிறுத்திவிடுகின்றன. அதன்பின் சிறு பழுது வந்தாலும் பெருஞ்செலவு. 2009-ல் வந்த விலையுயர்ந்த 'லைக்கா எம்9' காமிராவில், சில ஆண்டுகளுக்குப் பின் சென்சாரின் மேலுள்ள கண்ணாடி அரிக்கத் தொடங்கியது. கம்பெனி புதிய வகைத் தகட்டை மாற்றிக் கொடுத்தது. இன்றும் பழைய எம்9 வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "தகடு மாற்றியாகிவிட்டதா?" என்பதே. அதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே பேரம்.

குறைகளை ஒளிக்காமல் சொல்வதில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள கே.இ.எச். என்ற பழைய காமிராக் கம்பெனியும் பேர் பெற்றது. அதன் தரப் பட்டியலில் கடைசிப் படிகளில் ஒன்றுக்கு 'அவலட்சணம்' என்றே பெயர்! அழகு பாராமல் வேலை மட்டும் நடந்தால் போதும் என்பவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

போலீசுக்குத் தெரிந்த வியாபாரம்

விலை மலிவு என்றதும் மயங்கிவிடக் கூடாது. திருட்டுக் காமிராவும் மலிவாகத்தான் வரும்.

ஜப்பானில் 1949-ம் ஆண்டிலிருந்தே பழம்பொருள் வியாபாரத்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. பழைய சாமான் வாங்கி விற்கும் கடைக்காரர் பொதுப் பாதுகாப்புக் கமிஷனிடம் அனுமதி பெற வேண்டும். காமிராவை விற்க வருகிறவர் தாம் யார் என்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். கடைக்காரர் அதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். திருட்டுப் பொருள் கைமாறினால் தடம் கண்டுபிடிக்கவே இந்த ஏற்பாடு.

கடையில் விலை சற்றுக் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடைக்காரர் சோதித்துப் பார்க்கிறார், சுத்தம் செய்கிறார், பல கடைகள் ஆறு மாதமோ ஒரு வருஷமோ உத்தரவாதமும் தருகின்றன. அந்தச் செலவெல்லாம், அவர் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இருக்கிறது. முகம் தெரியாதவரிடம் நேரடியாக வாங்கினால் காசு மிஞ்சும். பழுது வந்தால் கேட்க ஆள் மிஞ்சாது.

குப்பையிலிருந்து கோபுரத்துக்கு!

விழுந்த விலை எழுவதே இல்லையா? எழுந்திருக்கிறது! அந்த வேடிக்கையும் நடந்தது.

2010-ம் ஆண்டில் உலகெங்கும் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் கம்பெனிகளிலிருந்து வெளியேறின. அதுதான் உச்சம். அதற்குள் கைபேசியில் காமிரா புகுந்துவிட்டது. சட்டைப்பையில் வைக்கும் சிறு காமிராவை வாங்க ஆளில்லை. 2012-ல் கோடக் திவாலாகி, டிஜிட்டல் காமிரா செய்வதையே விட்டது. 2020-ல் ஒலிம்பஸ் தன் காமிராப் பிரிவை விற்பதாக அறிவித்தது. 2023-ல் உலகின் மொத்தக் காமிரா ஏற்றுமதி 80 லட்சத்துக்கும் கீழே. வீடுகளில் இருந்த சின்னக் காமிராக்கள் மேஜை டிராயரில் தூங்கின. பல, குப்பைக்கே போயின.

அப்போதுதான் இளைஞர்கள் வந்தார்கள். கைபேசிப் படத்தின் துல்லியம் அவர்களுக்கு அலுத்துவிட்டது. 2000-ம் ஆண்டை ஒட்டிய காலத்துச் சிறு காமிராவின் பளிச்சென்ற பிளாஷ் வெளிச்சமும், சற்றே மங்கிய நிறமும் அவர்களைக் கவர்ந்தன. 2022-ஐ ஒட்டி அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கொரியாவிலும் பழைய சின்னக் காமிராவுக்கு மவுசு பிறந்தது. கேனான் கம்பெனி 2016-ல் வெளியிட்ட ஒரு சிறு காமிராவையே, சிறு மாற்றத்தோடு 2025-ல் மறுபடி கடைக்குக் கொண்டுவந்தது!

பியூஜி பிலிம் கம்பெனியின் 'எக்ஸ்100வி' இன்னும் வினோதம். 2020-ல் அதன் விலை 1,399 டாலர். சமூக வலைத்தளங்களில் அதன் புகழ் பரவியது. கம்பெனியால் கேட்ட அளவுக்குத் தயாரித்துக் கொடுக்க முடியவில்லை. 2022, 2023 ஆண்டுகளில் ஒருவர் உபயோகித்த காமிரா, புதுக் காமிராவின் விலையைத் தாண்டி விற்றது! 2024-ல் அடுத்த மாடல் 1,599 டாலருக்கு வந்தது.

இதைப் பார்த்துக் காமிராவைத் தங்கம்போல் வாங்கி அடுக்கலாம் என்று எண்ணினால் ஏமாற்றமே. எந்தக் காமிராவுக்கு மவுசு வரும், எப்போது போகும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒன்றுக்கு விலை ஏறினால், நூறு காமிராக்கள் டிராயரிலேயே கிடக்கின்றன.

அரசாங்கம் போடும் கணக்கு

அப்படியானால் காமிரா வாங்குவது நஷ்டமா? அதற்கு விடை, ஜப்பானிய வரிக் கணக்கில் இருக்கிறது.

அந்நாட்டு வரி விதிப்படி காமிராவின் ஆயுள் 5 ஆண்டு. தொழில் செய்கிறவர் 3 லட்சம் யென் கொடுத்துக் காமிரா வாங்கினால், வருஷத்துக்கு 60,000 யென் வீதம் தேய்மானமாக எழுதிக்கொண்டே வந்து ஐந்து வருஷத்தில் தீர்த்துவிடலாம். வருஷத்துக்கு 30 கலியாணம் படம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கலியாணத்துக்குக் காமிராவின் தேய்மானம் 2,000 யென். அதைக் கூலியிலேயே சேர்த்துக் கேட்டுவிட்டால், ஐந்து வருஷத்துக்குப் பின் காமிரா என்ன விலைக்குப் போனால் என்ன? கிடைப்பதெல்லாம் மிச்சம்.

சேர்த்துக் கேட்காதவர்தான் மோசம் போகிறார். வந்த பணமெல்லாம் வருமானம் என்று நினைத்துச் செலவழித்துவிடுகிறார். கடைசியில் கையில் இருப்பது விலை போகாத காமிரா. புதிதுக்கு மறுபடி கடன்.

தொழிலுக்காக அல்லாமல் ஆசைக்கு வாங்குகிறவருக்கோ வேறு வழி இருக்கிறது. புது மாடல் வந்த மறுநாள் அதை வாங்க ஓட வேண்டாம். அதனால் விலை விழுந்த முந்தைய மாடலைத் தேடிப் போகலாம். முதல் சொந்தக்காரருக்கு ஏற்பட்ட நஷ்டம், இரண்டாவது சொந்தக்காரருக்கு லாபம். மலையிலிருந்து விழும் கல் முதலில் வேகமாக உருளும். அடிவாரத்தில் மெதுவாக நகரும். அடிவாரத்தில் வாங்கியவர் பின்னால் விற்றாலும் அதிகம் இழக்கமாட்டார்.

நகானோக் கடையில் முகம் வாடி நின்ற அந்த மனிதர் விற்றுவிட்டுப் போன காமிரா, துடைக்கப்பட்டு, சீட்டு மாட்டப்பட்டு, அலமாரியில் ஏறுகிறது. கொஞ்ச நாளில் ஒரு மாணவன் வருகிறான். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை எண்ணிக் கொடுத்து அதை வாங்கிப் போகிறான். புதிதாக இருந்தபோது அவனால் அதை நினைத்தும் பார்க்க முடிந்திராது.

விற்றவருக்கும் எல்லாம் போய்விடவில்லை. அந்தக் காமிராவால் அவர் எடுத்த குழந்தையின் முதல் பிறந்தநாள் படமும், தாயாரின் கடைசிப் படமும் வீட்டில் இருக்கின்றன. பழசாகப் பழசாகக் காமிராவுக்கு விலை குறைகிறது. பழசாகப் பழசாகப் படத்துக்கு மதிப்புக் கூடுகிறது.